தரைக்குள் ஓடும் குளிர்ந்த நீர்

சித்திரை, வைகாசி மாதங்களில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாயைக்கூட விரிக்காமல் வெறுந்தரையில் படுத்துக்கொள்வது தமிழ்நாட்டு வீடுகளில் பழைய வழக்கம். சிவப்பு ஆக்சைடு பூசிய தரை, ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரை, வெறும் சிமெண்ட் தரை எதுவானாலும் சரி, முதுகு பட்டவுடன் ஒரு சுகம். அந்தத் தரையைக் குளிர வைக்க எந்த இயந்திரமும் இல்லை. மண்ணோடு ஒட்டிக் கிடப்பதால் அது 28, 29 டிகிரி அளவில் இருக்கிறது. உடம்பின் தோல் 33, 34 டிகிரியில் இருக்கிறது. அந்த ஐந்து டிகிரி வித்தியாசமே போதும், வெப்பம் உடம்பிலிருந்து தரைக்கு இறங்கிவிடும். கல்லும் சிமெண்டும் வெப்பத்தைச் சட்டென்று வாங்கிக்கொள்வதால் 'ஜில்'லென்று தெரிகிறது.

இந்தத் தரையையே இன்னும் கொஞ்சம் குளிர வைத்தால் என்ன? அப்போது வீடு முழுவதையும் தரை வழியாகவே குளிர வைக்க முடியாதா?

முடியும். தரைக்குள் பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்து அதில் குளிர்ந்த தண்ணீரை ஓட விடுவதுதான் வழி. உலகில் பல இடங்களில் இது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே 'வேலை செய்யுமா?' என்ற கேள்விக்கு இடமில்லை. 'எந்த ஊரில், எப்படிப்பட்ட வீட்டில் வேலை செய்யும்?' என்பதுதான் கேள்வி. இதற்கான விடை குழாயில் இல்லை, காற்றில் உள்ள ஈரத்தில் இருக்கிறது. குழாய் ஒரு தடவை சிமெண்டுக்குள் போய்விட்டால் தரையை உடைக்காமல் வெளியே எடுக்க முடியாது. எனவே வீடு கட்டுகிறவர் இந்தக் கணக்கைத் தரை போடுவதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

சூட்டிலிருந்து குளிருக்கு

தரையை வைத்து வீட்டின் வெப்பநிலையை மாற்றுவது மிகப் பழைய வித்தை. ஆனால் அது குளிர் நாடுகளின் வித்தை. பண்டைய ரோமானியர்கள் குளியல் கூடங்களின் தரைக்கு அடியில் சிறு தூண்களை நிறுத்தி, இடைவெளியில் அடுப்பின் சூடான புகையை ஓட விட்டார்கள். கொரியர்கள் சமையலடுப்பின் புகையைப் படுக்கை அறைத் தரையின் கீழே கொண்டு போனார்கள். 'ஓண்டோல்' என்ற அந்த முறை இன்று வெந்நீர்க் குழாய்களாக மாறி, கொரியாவின் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறது.

வெந்நீர் ஓடும் குழாயில் குளிர்ந்த நீரை ஓட்டினால் கோடைக்கும் அது பயன்படுமே என்ற யோசனை இயல்பாகவே வந்தது. அதற்குக் கை கொடுத்தது பிளாஸ்டிக். முன்பு இரும்பு, செம்புக் குழாய்களைத் தரைக்குள் பதித்தபோது துருவும் இணைப்புகளில் கசிவும் தொல்லையாக இருந்தன. 'பெக்ஸ்' எனப்படும் குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎதிலீன் குழாய் வந்த பிறகு, ஒரு அறைக்குத் தேவையான நீளம் முழுவதையும் நடுவில் ஒரு இணைப்புகூட இல்லாமல் பாம்பு மாதிரி வளைத்துப் பதிக்க முடிந்தது.

எப்படி வேலை செய்கிறது?

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வெப்பம் மூன்று வழிகளில் பயணம் செய்யும்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. ஏ.சி. நம்பியிருப்பது சலனத்தை. அது காற்றைக் குளிர வைக்கிறது, அந்தக் காற்று ஆளைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த தரை பெரும்பாலும் நம்பியிருப்பது கதிர்வீச்சை. மனித உடம்பு ஓயாமல் நாலா பக்கமும் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள சுவர், தரை, கூரை ஆகியவை குளிர்ச்சியாக இருந்தால் உடம்பு வீசுவது அதிகம், திரும்ப வாங்குவது குறைவு. வெயிலில் காய்ந்த சுவருக்குப் பக்கத்தில் நிற்கும்போது காற்றே படாமல் முகம் சுடுகிறது அல்லவா, அதற்கு நேர் எதிர் இது.

ஆகவே அறையில் ஒரு ஆள் உணரும் வெப்பம் என்பது தெர்மாமீட்டர் காட்டும் காற்றின் வெப்பம் மட்டும் அல்ல. காற்று அதிகம் அசையாத அறையில், காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் உள்ள எண்ணைத்தான் உடம்பு உணர்கிறது. காற்று 28 டிகிரி, சுற்றுப்புறப் பரப்புகள் சராசரியாக 24 டிகிரி என்றால் உடம்புக்கு அது 26 டிகிரி மாதிரிதான். காற்றை அவ்வளவு குளிர வைக்காமலே சுகம் கிடைக்கிறது என்பது இந்த முறையின் முதல் லாபம்.

இரண்டாவது லாபம் தண்ணீரிடமிருந்து வருகிறது. ஒரே கன அளவில் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். பெரிய குழாய்ப் பெட்டிகளில் காற்றாடி வைத்துக் காற்றைத் தள்ளுவதற்குப் பதில், விரல் பருமனுள்ள குழாயில் ஒரு சின்ன பம்பு தண்ணீரைத் தள்ளினால் போதும்.

மூன்றாவது லாபம்தான் பெரியது. பெரிய கட்டடங்களின் சாதாரண குளிர்சாதன அமைப்பில் தண்ணீரை 7 டிகிரி வரை குளிர வைப்பது வழக்கம். தரைக்கு அவ்வளவு வேண்டாம். பொதுவாக 15 முதல் 18 டிகிரி வரை உள்ள தண்ணீரே போதும். குளிரூட்டும் இயந்திரம் எவ்வளவு கீழே இறங்க வேண்டியிருக்கிறதோ அவ்வளவு மின்சாரம் தின்னும். தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 2 முதல் 3 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

இந்த மிச்சம் சில்லறை விஷயம் அல்ல. உலகின் மொத்த மின்சாரத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் ஏ.சி.களுக்கும் மின்விசிறிகளுக்கும் போகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018-ல் கணக்கிட்டது. 2016-ல் உலகில் 160 கோடியாக இருந்த ஏ.சி.கள் 2050-ல் 560 கோடி ஆகலாம் என்பதும் அதே அறிக்கையின் மதிப்பீடு. அவற்றில் பெரும்பகுதி இந்தியா போன்ற சூடான நாடுகளில்தான் மாட்டப்படப் போகின்றன.

பாங்காக்கின் பளிங்குத் தரை

'இதெல்லாம் ஐரோப்பாவுக்குச் சரி, வெயிலும் புழுக்கமும் உள்ள ஊருக்குச் சரிப்படுமா?' என்று கேட்பவருக்கு முதலில் காட்ட வேண்டிய இடம் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையம். 2006 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கட்டட வடிவமைப்பு ஹெல்முட் யானுடைய நிறுவனம், வெப்பநிலை வடிவமைப்பு ஜெர்மனியின் டிரான்ஸ்சோலார் நிறுவனம். கண்ணாடியும் துணிக்கூரையுமாக மிக உயரமாக எழும்பியிருக்கும் கட்டடம் அது. அந்த உயரம் முழுவதையும் ஏ.சி. காற்றால் நிரப்புவது வீண் செலவு. பயணிகள் நிற்பதும் நடப்பதும் தரையிலிருந்து சுமார் 2.5 மீட்டர் உயரத்துக்குள்தான். அதற்கு மேலே சூடான காற்று மிதந்துகொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதனால் தரையைக் குளிர வைத்தார்கள். 13 டிகிரியில் தண்ணீர் உள்ளே போகிறது, சுமார் 19 டிகிரியில் திரும்பி வருகிறது. கூரை வழியாக வரும் வெயில் தரையில் விழுந்தவுடன், அது காற்றைச் சூடாக்குவதற்கு முன்பே, தரை அதை விழுங்கிவிடுகிறது. வெயில் நேரே விழும் இடத்தில் குளிர்ந்த தரை மிக நன்றாக வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் இந்தக் கதையின் பாதியை மட்டும் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அங்கே குளிர்ந்த தரை மட்டும் இல்லை. தரையை ஒட்டியே, ஈரம் நீக்கிய காற்றும் மெல்ல விடப்படுகிறது. வெப்பத்தின் ஒரு பகுதியைத் தரை பார்த்துக்கொள்கிறது, ஈரத்தைக் காற்று பார்த்துக்கொள்கிறது. அந்த உலர்ந்த காற்று இல்லாவிட்டால் பாங்காக்கின் புழுக்கத்தில் பளிங்குத் தரை முழுவதும் தண்ணீர் கோர்த்து, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் வழுக்கி விழ வேண்டியதுதான்.

டம்ளர் ஏன் வேர்க்கிறது?

ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளிப்பக்கம் வேர்ப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். டம்ளர் ஒழுகவில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டவுடன் தண்ணீராகிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் இப்படி ஆகுமோ அதைத்தான் பனிநிலை என்கிறார்கள்.

தரையைக் குளிர வைக்கும் முறைக்கு இந்தப் பனிநிலைதான் நீதிபதி. தரையின் வெப்பநிலை பனிநிலைக்கு மேலே இருக்கும் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. கீழே போனால் தரையே டம்ளர் ஆகிவிடும்.

சில எண்களைப் பாருங்கள். காற்று 40 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 16 டிகிரி. தக்காணப் பீடபூமியின் வறண்ட கோடை இப்படித்தான் இருக்கும். அங்கே 20 டிகிரியில் உள்ள தரை வேர்க்காது. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 25 டிகிரி. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இது சாதாரணம். அங்கே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தரையை 20 டிகிரிக்குக் குளிர வைத்தால், துடைக்கத் துடைக்கத் தண்ணீர் கோர்த்துக்கொண்டே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், தெர்மாமீட்டரைப் பார்த்தால் இரண்டாவது ஊர்தான் பத்து டிகிரி குளிர்ச்சியான ஊர்!

ஈரம் எப்போதுமே இந்தத் துறையின் மூலக் கேள்வியாக இருந்து வந்திருக்கிறது. நவீன ஏ.சி.யின் ஆரம்பம் என்று சொல்லப்படும் இயந்திரத்தை வில்லிஸ் கேரியர் 1902-ல் வடிவமைத்தது மனிதர்களைக் குளிர வைக்க அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஒரு அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தவே குளிர்ந்த சுருள்களின் மேல் காற்றைச் செலுத்தினார். ஏ.சி.யின் பின்பக்கக் குழாயில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் அந்த முதல் வேலையின் மிச்சம். குளிர வைப்பதும் உலர வைப்பதும் ஏ.சி.க்கு ஒரே வேலை. தரைக்கு அப்படி இல்லை. அதற்குக் குளிர வைக்க மட்டும்தான் தெரியும். ஈரத்தை அதனால் தரையில் கொட்டத்தான் முடியும், வெளியே கொண்டு போய் விட முடியாது.

ஹைதராபாத்தில் நடந்த போட்டி

இந்தியாவிலேயே இதற்கு ஒரு நேரடிப் பரீட்சை நடந்திருக்கிறது. ஹைதராபாத் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011-ல் ஒரு அலுவலகக் கட்டடத்தைத் திறந்தது. கட்டடம் ஒன்றுக்கொன்று சமமான இரு பாதிகளாக இருந்தது. ஒரு பாதிக்கு நன்றாக வடிவமைக்கப்பட்ட வழக்கமான ஏ.சி. முறை. மறு பாதிக்கு கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த நீர். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மாதிரி வேலை. மின் மீட்டர்கள் மட்டும் தனித்தனி.

முடிவு: குழாய் பதித்த பாதி, குளிரூட்டலுக்கு 34 சதவீதம் குறைவான மின்சாரத்தை எடுத்துக்கொண்டது. கட்டும் செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அங்கே குளிர்ச்சி முக்கியமாக மேலே கூரையாக இருக்கும் கான்கிரீட் தளத்தின் வழியாக வருகிறது. இரண்டாவது, பாங்காக்கைப் போலவே அங்கேயும் உலர்ந்த புதுக் காற்றைத் தருவதற்குத் தனி இயந்திரம் உண்டு. ஜன்னல்களும் நிழல் கட்டி, வெயில் உள்ளே வராதபடி வடிவமைக்கப்பட்டவை.

வீடு என்று வந்தால்

விமான நிலையமும் அலுவலகமும் ஆயிற்று. 1,000 சதுர அடி வீட்டுக்கு வருவோம்.

குளிர்ந்த தரை எவ்வளவு வெப்பத்தை வாங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. அறைக்கும் தரைக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஒரு சதுர மீட்டர் தரை சுமார் 7 வாட் வாங்கும். அறை 26, தரை 20 என்றால் வித்தியாசம் 6 டிகிரி, அதாவது சதுர மீட்டருக்கு 42 வாட். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக மொத்தம் 3,900 வாட். ஒரு டன் ஏ.சி. என்பது ஏறக்குறைய 3,500 வாட். கட்டில், பீரோ, சோபா மறைக்கும் இடத்தைக் கழித்தால், வீடு முழுவதும் குழாய் பதித்தாலும் கிடைப்பது ஒரே ஒரு டன் ஏ.சி.யின் குளிர்ச்சிதான்!

120 சதுர அடி படுக்கை அறையை மட்டும் எடுத்தால் தரையின் பங்கு சுமார் 470 வாட். மேற்குப் பார்த்த 4 அடிக்கு 4 அடி ஜன்னலில் சாயங்கால வெயில் நேராக விழுந்தால் அந்த ஒரு ஜன்னல் வழியாகவே 500 வாட்டுக்கு மேல் உள்ளே வந்துவிடும். பாங்காக்கில் போல அது வெறுந்தரையில் விழுந்தால் தரை சமாளிக்கும். கட்டில் மேலும் திரைச்சீலை மேலும் விழுந்தால் அறைதான் சூடாகும். ஆகவே குழாய்க்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டுவது லாபம்.

ஏன் இன்னும் குளிர வைக்கக் கூடாது என்றால், கால் ஒத்துக்கொள்ளாது. சர்வதேசத் தர விதிகள் தரைக்கு 19 டிகிரியைக் கீழ் எல்லையாக வைத்திருக்கின்றன. அதுவும் வீட்டுக்குள் செருப்போ ஷூவோ போட்டு நடப்பவர்களை மனதில் வைத்துச் சொன்ன எண். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கி, குழந்தையைத் தரையில் தவழ விடும் வீட்டில் 19 டிகிரி டைல்ஸ் என்றால் முதல் நாளே பாட்டி போர்க்கொடி தூக்கிவிடுவார். மூட்டு வலிக்காரரின் குரலையும் கணக்கில் சேர்த்தால் தரை 22, 23 டிகிரிக்குக் கீழே போவது கஷ்டம். தரையை உயர்த்தினால் வாங்கும் வெப்பமும் குறையும்.

இதற்கு மேல் வீட்டு ஈரம். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சிலும் வேர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவியை வெளியே விடுகிறார். நாலு பேர் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல். இட்லிக் கொப்பரை, சாதம் வடிப்பது, குளியலறை, ஈரத்துணி, தினமும் தரையைத் துடைப்பது எல்லாம் தனி. இவை போக, காலையில் பால்காரரிலிருந்து ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் வரை திறந்து மூடும் வாசல் கதவு. அலுவலகத்தில் இந்த ஈரம் எதுவும் இந்த அளவுக்கு இல்லை.

ஆகவே கடற்கரை ஊரில் தரையைக் குளிர வைக்க நினைப்பவர் கூடவே ஈரம் நீக்கும் இயந்திரம் ஒன்றும், பனிநிலையைப் பார்த்துத் தண்ணீரின் வெப்பநிலையைத் தானாக உயர்த்தும் கருவி ஒன்றும், சந்துபொந்து இல்லாமல் மூடும் கதவு ஜன்னல்களும் வைக்க வேண்டும். 'ஏ.சி.க்குப் பதில் தரை' என்று ஆரம்பித்த கதை 'தரையும் வேண்டும், ஏ.சி. மாதிரி இன்னொன்றும் வேண்டும்' என்று முடிகிறது.

கிணற்றுத் தண்ணீரை ஓட்டினால்?

இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை இது. 'எதற்கு இயந்திரம்? போர்வெல் தண்ணீரையே ஓட்டினால் என்ன?' ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் அப்படித்தான் செய்கிறார்கள். நிலத்தடி நீரின் வெப்பநிலை அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். அங்கே அது 10 டிகிரி. குளிர்ச்சி இலவசமாகக் கிணற்றிலேயே கிடைக்கிறது. சென்னையின் வருடச் சராசரி 28 டிகிரிக்கு மேல். அந்தத் தண்ணீரை எவ்வளவு ஓட்டினாலும் தரை 28-க்குக் கீழே இறங்காது. மத்தியானத்தில் முதுகுக்குச் சுகம் தருமே தவிர, அறையைக் குளிர வைக்காது.

ஆனால் அதே 28 டிகிரித் தண்ணீருக்கு வேறு ஒரு இடத்தில் பெரிய வேலை இருக்கிறது. அது தரைக்கு நேர் மேலே, தலைக்கு மேலே.

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளத்தின் உட்பக்கம், கோடை மாலைகளில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே இறக்குகிறது. ராத்திரி பத்து மணிக்கும் கூரை இஸ்திரிப் பெட்டி மாதிரி கதிர் வீசிக்கொண்டிருக்கும். அந்தத் தளத்துக்குள் குழாய் பதித்து, வெறும் 28 டிகிரித் தண்ணீரை ஓட்டினாலே பத்துப் பன்னிரண்டு டிகிரி இறக்க வாய்ப்பு இருக்கிறது. பனிநிலைக்கு மேலேயே இருப்பதால் கூரை வேர்க்காது. தண்ணீரைக் குளிர வைக்க பெரிய இயந்திரமும் வேண்டாம். தளம் வாங்கிய சூட்டை ராத்திரிக் காற்றில் ஆற விட்டு, அதே தண்ணீரைத் திரும்ப ஓட்டலாம்.

குழாய்கூட இல்லாமல் இந்த வேலையைப் பாதி முடித்துவிடலாம். மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பது, தட்டோடு பதிப்பது, கொடிப்பந்தல் போடுவது எல்லாம் சூடு உள்ளே வருவதற்கு முன்பே தடுப்பவை. வந்த சூட்டை மின்சாரம் செலவழித்து வெளியேற்றுவதைவிட, வராமல் தடுப்பது எப்போதும் மலிவு.

ஈரத்தைத் தாண்டும் முயற்சி

வேர்க்கும் பிரச்சினைக்கு வேறு விடை தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2018-ல் பல பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு திறந்தவெளிப் பந்தல் அமைத்தார்கள். குளிர்ந்த நீர் ஓடும் பலகைகளை, வெப்பக் கதிரை மட்டும் உள்ளே விடும் மெல்லிய படலத்துக்குப் பின்னால் மூடி வைத்தார்கள். ஈரக் காற்று பலகையைத் தொடவே முடியாது, ஆனால் உடம்பின் வெப்பக்கதிர் படலத்தைத் தாண்டிப் பலகையைச் சேர்ந்துவிடும். பந்தலுக்குள் காற்று சுமார் 30 டிகிரி, நல்ல புழுக்கம். இருந்தும் உள்ளே நின்றவர்களில் பெரும்பாலோர் சுகமாக இருக்கிறது என்றார்கள். 2020-ல் இந்த ஆய்வு வெளியானது. கால் பட்டால் கிழியும் படலத்தைத் தரையில் விரிக்க முடியாது, சுவருக்கும் கூரைக்கும்தான் இது ஏற்றது. ஆனாலும் புழுக்கமான ஊரில் ஜன்னலை மூடாமலே குளிர்ச்சி பெற முடியும் என்று காட்டியது பெரிய விஷயம்.

யாருக்கு ஏற்றது?

மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் விடை இப்படி வருகிறது. காற்று வறண்ட ஊரில், நிழலும் தடித்த சுவரும் உள்ள புது வீட்டில், நாள் முழுவதும் ஆட்கள் இருக்கும் குடும்பத்துக்கு, தரைக்குள் குளிர்ந்த நீர் நல்ல முதலீடு. தளத்தின் எடையே குளிர்ச்சியைச் சேமித்து வைக்கும் பாத்திரமாக இருப்பதால், மாடியில் சோலார் தகடு வைத்தவர் பகல் மின்சாரத்தில் தரையைக் குளிர வைத்து ராத்திரி அனுபவிக்கலாம். மின்சாரம் போனாலும் சில மணி நேரம் தாங்கும். மின்விசிறி ஓடினால் இன்னும் நல்லது.

வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்து, பத்து நிமிஷத்தில் அறை குளிர வேண்டும் என்பவருக்கு இது ஏற்றதல்ல. தரை குளிர மணிக்கணக்கில் ஆகும். கடற்கரை ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்து வாழ விரும்புகிறவருக்கும் ஏற்றதல்ல. வாடகை வீட்டுக்காரருக்கும், தகரக் கூரைக்குக் கீழே இருப்பவருக்கும் இந்தப் பேச்சே எட்டாத தூரம். அவர்களுக்குக் கூரைக்கு மேல் அடிக்கும் வெள்ளைப் பூச்சுதான் முதல் மருந்து.

பதிக்கத்தான் போகிறோம் என்று முடிவு செய்தவர் மூன்று விஷயங்களை விட்டுவிடக் கூடாது. குழாய்க்குக் கீழே வெப்பம் கடத்தாத பலகை விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் குளிர்ச்சி பூமிக்குப் போய்விடும். சிமெண்ட் கலவை போடும்போது குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்க வேண்டும், கொத்தனாரின் மண்வெட்டி எங்காவது பட்டிருந்தால் அழுத்தமானி அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். குழாய் போன பாதையை ஒரு போட்டோ எடுத்து வைக்க வேண்டும், பத்து வருஷம் கழித்துத் தரையில் துளை போட வரும் ஆசாரிக்கு அது தேவைப்படும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கோடையில் ஒரு வாரம் வீட்டுக்குள் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காட்டும் சின்னக் கருவி ஒன்றை மாட்டி, காலை, மாலை, இரவு என்று எழுதி வைத்துப் பனிநிலையைக் கணக்கிட்டுப் பார்ப்பது. எண் 18-ஐ ஒட்டி இருந்தால் மேஸ்திரியைக் கூப்பிடலாம். 25-ஐ ஒட்டி இருந்தால், குழாய்க்கு ஒதுக்கிய பணத்தைக் கூரைக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.